வைக்கோலையும் தட்டையையும் பூஞ்சையால் பதப்படுத்தித் தீவனமாக்குவது: முழுமையான வழிகாட்டி

வைக்கோலைத் தின்னும் மாடு அதில் ஏறக்குறைய பாதியைத்தான் செரிக்கிறது. மீதி சாணமாகப் போய்விடுகிறது. இத்தனைக்கும் வைக்கோலின் உலர் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு செல்லுலோஸ். அதற்கு மேல் 20 முதல் 25 சதவீதம் ஹெமிசெல்லுலோஸ். இரண்டுமே சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலிகள். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அவற்றை உடைக்கத் தெரியும். ஆனால் அந்தச் சங்கிலிகளின் இடுக்கெல்லாம் லிக்னின் என்ற பொருள் புகுந்து இறுகியிருக்கிறது. செடி நிமிர்ந்து நிற்பதற்கு அதுதான் காரணம். மாட்டுக்குச் சத்து எட்டாமல் போவதற்கும் அதுவே காரணம்.

லிக்னினைத் திறம்பட உடைக்க ஆக்சிஜன் தேவை. இரைப்பைக்குள் ஆக்சிஜன் அனேகமாக இல்லை. அங்கேயும் பூஞ்சைகள் உண்டு. ஆக்சிஜன் இல்லாமலே வாழும் அவற்றை 1975இல் காலின் ஆர்ப்பின் என்ற ஆய்வாளர் செம்மறி ஆட்டின் இரைப்பையிலிருந்து இனங்கண்டு சொன்னார். அவை நாருக்குள் துளைத்துச் சென்று அதைப் பிளக்கும். ஆனாலும் லிக்னினைத் தின்று தீர்க்க அவற்றாலும் முடியாது. ஆகவே அந்த வேலை மாட்டின் வயிற்றுக்கு வெளியே, காற்றுள்ள இடத்தில், தீவனமாவதற்கு முன்பே நடக்க வேண்டும். அதைச் செய்யக்கூடியவை மரத்தை வெள்ளையாக அழுகச் செய்யும் பூஞ்சைகள். நாம் சாப்பிடும் சிப்பிக்காளானும் அந்த வகைதான். லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ் போன்ற நொதிகளைச் சுரந்து அவை லிக்னினைச் சிதைக்கின்றன.

இது ஆய்வகத்தில் மட்டும் பிறந்த யோசனை இல்லை. தென் சிலியின் மழைக்காடுகளில் பூஞ்சையால் வெளுத்து மெத்தென்று ஆகிவிட்ட மரத்தை மாடுகள் விரும்பித் தின்கின்றன. ‘பாலோ போட்ரிடோ’ என்று அங்கே அதற்குப் பெயர். லிக்னின் போய் பெரும்பாலும் செல்லுலோஸ் மட்டும் மிஞ்சிய மரம் அது.

முதலில் கணக்கு

செய்முறைக்குப் போகுமுன் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த முறையில் கைவைத்து ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் தவறவிட்டது இதைத்தான். பூஞ்சை நமக்காக லிக்னினை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு விலகிக்கொள்ளாது. அதுவும் ஓர் உயிர்; அதுவும் வைக்கோலைத் தின்றுதான் வளர்கிறது. அது தின்றது போக மிஞ்சுவதுதான் மாட்டுக்கு.

100 கிலோ உலர் வைக்கோலை எடுத்துக்கொள்வோம். செரிமானம் 45 சதவீதம் என்றால் மாட்டுக்குக் கிடைப்பது 45 கிலோ. பூஞ்சை 15 கிலோவைத் தின்றுவிட்டு, மீதி 85 கிலோவின் செரிமானத்தை 58 சதவீதத்துக்கு உயர்த்தினால் மாட்டுக்கு 49 கிலோ கிடைக்கும். ஆதாயம். அதே 15 கிலோவைத் தின்றுவிட்டு 52 சதவீதத்துக்கு மட்டும் உயர்த்தினால் கிடைப்பது 44 கிலோ. உழைப்பும் போயிற்று, தீவனமும் குறைந்தது. 15 சதவீத இழப்பில் நட்டம் இல்லாமல் தப்பிக்கவே செரிமானம் 53 சதவீதத்தைத் தொட வேண்டும். 30 சதவீதம் இழந்தால் 64 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அது எட்டுவது கடினம்.

எந்தப் பூஞ்சை, என்ன வெப்பநிலை, எத்தனை நாள் என்று கீழே வருகிற எல்லா முடிவுகளும் இந்தக் கணக்கிலிருந்து பிறப்பவைதான்.

புரதம் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பூஞ்சை வளர்த்தால் வைக்கோலின் புரதம் இரட்டிப்பாகும்’ என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பூஞ்சை காற்றிலிருந்து நைட்ரஜனை எடுப்பதில்லை. வைக்கோலிலும் காளான் விதையிலும் (பூஞ்சையிழை பரவிய தானியம்) இருந்த நைட்ரஜன்தான் கடைசியிலும் இருக்கும். மொத்த எடை குறைவதால் சதவீதம் கூடித் தெரிகிறது, அவ்வளவே. புரதத்துக்காக இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

எந்தக் கழிவுக்கு இது பொருந்தும்

லிக்னின் மிகுந்து, செரிமானம் மோசமாக உள்ள பொருளில்தான் பூஞ்சையின் உழைப்பு பலன் தரும். கோதுமை வைக்கோல், மக்காச்சோளத் தட்டையின் அடித்தண்டு, கரும்புச் சக்கை ஆகியவை நல்லவை. நெல் வைக்கோலிலும் செய்யலாம். ஆனால் அதில் செரிமானத்தைத் தடுப்பது லிக்னின் மட்டுமில்லை, சிலிக்காவும்தான். சிலிக்காவைப் பூஞ்சை தொடுவதில்லை. அதனால் நெல் வைக்கோலில் கிடைக்கும் முன்னேற்றம் கோதுமை வைக்கோலில் கிடைப்பதைவிடக் குறைவாக இருந்தால் வியப்படைய வேண்டாம்.

நிலக்கடலைக் கொடி, பயறுவகைகளின் இலைக் கழிவு, பச்சையாக வெட்டிக் காயவைத்த தட்டை இவற்றைப் பூஞ்சையிடம் கொடுப்பது வீண். ஏற்கெனவே நன்றாகச் செரிப்பவை அவை. பூஞ்சை அந்த நல்ல பகுதியைத்தான் முதலில் தின்னும்.

மழையில் நனைந்து கறுத்தது, கட்டுக்குள்ளேயே பூசணம் பிடித்தது, அண்மையில் பூச்சிமருந்து தெளித்த வயலிலிருந்து வந்தது எதுவும் கூடாது. கெட்ட வைக்கோலை நல்லதாக்கும் முறை இது இல்லை.

எந்தப் பூஞ்சை

லிக்னினை மட்டும் தேர்ந்து தின்பதில் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப முன்னிலையில் வருவது செரிபோரியாப்சிஸ் சப்வெர்மிஸ்போரா. ஷிடேக் காளானும் நன்றாகவே செயல்படுகிறது. ஆனால் முதலாவதன் விதை காளான் விதை விற்பவர்களிடம் சாதாரணமாகக் கிடைக்காது; இரண்டாவது மெதுவாக வளர்வதால் மற்ற பூசணங்கள் முந்திக்கொள்ளும். ஃபனரோகீட்டே கிரைசோஸ்போரியம் பாடப்புத்தகங்களில் புகழ்பெற்றது, லிக்னினை வேகமாக உடைக்கக்கூடியது. ஆனால் செல்லுலோஸையும் சேர்த்துத் தின்றுவிடும். தீவனத்துக்கு அது ஆகாது.

பண்ணையில் செய்யப்போகிறவருக்கு என் பரிந்துரை சிப்பிக்காளான்தான். விதை எளிதில் கிடைக்கும், வேகமாகப் பரவி இடம் பிடிக்கும், மனிதர்களே சாப்பிடும் காளான் என்பதால் நச்சு பற்றிய கவலையும் இல்லை. வைக்கோல் காளானும் பால் காளானும் வளர்க்கத் தெரிந்தவர்கள் அவற்றையே இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பதுண்டு. வேண்டாம். வைக்கோல் காளான் லிக்னினை விட்டுவிட்டுச் செல்லுலோஸையே நாடும்; பால் காளானும் இந்த வேலைக்கு உரியதில்லை.

படி 1: நறுக்கி ஊறவைத்தல்

2 முதல் 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்குங்கள். அதைவிடப் பொடியாக்கினால் பைக்குள் அடைந்துபோய்க் காற்று புகாது. நீளமாக விட்டால் இடைவெளி பெரிதாகிப் பூஞ்சையிழை தாண்டிப் பரவச் சிரமப்படும். மக்காச்சோளத் தண்டு, கரும்புச் சக்கை போன்றவற்றை நசுக்கிக்கொள்வது நல்லது.

நறுக்கியதைத் தண்ணீரில் முழுக அழுத்தி ஓர் இரவு ஊறவிடுங்கள்.

படி 2: வெந்நீரில் பதப்படுத்தல்

வைக்கோலில் ஏற்கெனவே ஆயிரம் பூசண வித்துகள் ஒட்டியிருக்கும். அவற்றை அடக்கினால்தான் நாம் போடும் பூஞ்சை முந்தும். முழுக்க நுண்ணுயிர் நீக்கம் செய்யத் தேவையில்லை. போட்டியைத் தணித்தால் போதும்.

மூன்று வழிகள் உண்டு. 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைப்பது எல்லோருக்கும் கைகூடுவது. வெப்பமானி ஒன்று கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஆவி வருகிறது என்பதை நம்பி நடுவே 50 டிகிரிகூட எட்டாமல் எடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. இதில் ஒரு குறை: கரையும் சத்து தண்ணீரோடு போய்விடும். நீர் தேநீர் நிறமாக மாறுவது அதனால்தான். ஆவியில் வைத்தால் அந்த இழப்பு இல்லை. எரிபொருளும் பாத்திரமும் இருந்தால் ஆவியே மேல்.

மூன்றாவது, நீற்றிய சுண்ணாம்பு. லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கலந்த நீரில் 12 முதல் 18 மணி நேரம் ஊறப்போடுவது. கடுங்காரத்தில் பெரும்பாலான பூசணங்கள் அடங்கிவிடும். எரிபொருள் வேண்டாம். கைக்கு உறையும் கண்ணுக்குக் காப்பும் போட்டுக்கொள்ளுங்கள். இப்படிச் செய்த தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து கூடுதலாக இருக்கும். பாஸ்பரஸ் போதிய அளவு உள்ள தாது உப்புக் கலவையோ தவிடோ சேர்த்து அதை ஈடுகட்ட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். காளான் வளர்ப்பில் வைக்கோலைக் கிருமிநாசினியான ஃபார்மலினும் பூசணக்கொல்லியான கார்பன்டாசிமும் கலந்த நீரில் ஊறவைக்கும் பழக்கம் உண்டு. தீவனத்துக்கு அது முற்றிலும் கூடாது. பால் வழியாக மனிதருக்கும் போகக்கூடிய சங்கிலி இது. காளான் பண்ணையிலிருந்து கழித்த படுக்கைகளை (காளான் அறுவடை முடிந்த வைக்கோல்) வாங்கி மாட்டுக்குப் போடுகிறவர்கள் அந்தப் பண்ணையில் எப்படிப் பதப்படுத்தினார்கள் என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

படி 3: ஈரப்பதம்

சுத்தமான சாய்தளத்திலோ வலையிலோ பரப்பி நீரை வடியவிட்டு, முழுக்க ஆறவிடுங்கள். இலக்கு 65 முதல் 70 சதவீத ஈரம். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் கசிய வேண்டும், சொட்டக் கூடாது.

எடையாலும் சரிபார்க்கலாம். காற்றில் காய்ந்த 10 கிலோ வைக்கோலில் சுமார் 1 கிலோ ஈரம், 9 கிலோ உலர்பொருள். 67 சதவீத ஈரத்தில் அது 27 கிலோ வர வேண்டும். 30 கிலோவுக்கு மேல் காட்டினால் இன்னும் வடியவிடுங்கள். அடியில் நீர் தேங்கிய பையில் பாக்டீரியா பெருகிப் புளித்த நாற்றம் வரும். பூஞ்சை அந்தப் பகுதியை எட்டியும் பார்க்காது.

இந்தக் கட்டத்தில் யூரியாவோ, தவிடோ, புண்ணாக்கோ சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். பல பூஞ்சைகள் நைட்ரஜன் பற்றாக்குறையாக இருக்கும்போதுதான் லிக்னின் பக்கம் திரும்புகின்றன. நைட்ரஜனைக் கொட்டினால் லிக்னினை விட்டுவிட்டு எளிய உணவிலேயே கொழுக்கும். கூடவே பச்சைப் பூசணமும் வரும்.

படி 4: விதையிட்டுப் பை கட்டுதல்

ஈர எடையில் 3 முதல் 5 சதவீதம் காளான் விதை போடுங்கள். மேலே சொன்ன 27 கிலோவுக்கு ஏறக்குறைய 1 கிலோ. விதை முழுக்க வெள்ளையாக, காளான் மணத்தோடு இருக்க வேண்டும். பச்சை, கறுப்புத் திட்டோ புளிப்பு நாற்றமோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேசை, கை, கத்தி எல்லாவற்றையும் சுத்தப்படுத்திக்கொண்டு, காற்றோட்டம் வீசாத அறையில் வேலை செய்யுங்கள்.

வைக்கோலும் விதையும் அடுக்கடுக்காகவோ முழுக்கக் கலந்தோ பாலித்தீன் பையில் நிரப்பி, காற்றுப்பை இல்லாதபடி மிதமாக அழுத்துங்கள். ஒரு பைக்கு 3 முதல் 5 கிலோ போதும். வாயைக் கட்டிப் பக்கவாட்டில் பத்துப் பன்னிரண்டு சிறு துளைகள் இடுங்கள்.

பெரிய குவியலாகவோ தொட்டியிலோ ஒரேயடியாகச் செய்யலாமே என்ற கேள்வி நியாயமானது. தடை வெப்பம்தான். பூஞ்சை வளரும்போது சூடு வெளியாகும். சிறிய பையில் அது பக்கவாட்டில் வெளியேறிவிடும். குவியலின் நடுவில் தேங்கி, பூஞ்சையையே கொல்லும் அளவுக்கு ஏறும். நடுப்பகுதிக்கு ஆக்சிஜனும் போகாது. இந்த முறை பெரிய அளவில் பரவாததற்கு வெப்பமும் தூய்மையும்தான் முக்கியமான காரணங்கள்.

படி 5: வளரவிடுதல்

இருட்டான அறை, 22 முதல் 27 டிகிரி வெப்பம். பைகளுக்கிடையே இடைவெளி விடுங்கள். வெப்பமானியைப் பைகளின் நடுவே வையுங்கள். அறையின் சுவரில் மாட்டிப் பயனில்லை, பைக்குள் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். 30 டிகிரிக்கு மேல் போனால் பூஞ்சை வேகமாக வளர்வதுபோலத் தெரிந்தாலும், உலர்பொருள் இழப்பு கூடி, செரிமானம் அந்த அளவுக்கு உயராமல் போகும்.

மூன்று நான்கு நாளில் விதையைச் சுற்றி வெள்ளை இழை தெரியும். 15 முதல் 20 நாளில் பை முழுக்க வெளுத்துவிடும். பலர் இங்கேயே வேலை முடிந்தது என்று நினைத்துத் திறந்துவிடுகிறார்கள். உண்மையில் அதுவரை பூஞ்சை கரையும் சர்க்கரையையும் ஹெமிசெல்லுலோஸையும் தின்றுதான் உடம்பு வளர்த்திருக்கிறது. மாட்டுக்கு எளிதாகச் செரிக்கும் பகுதி குறைந்து, லிக்னின் பெரிதும் அப்படியே இருக்கும் கட்டம் அது. அந்த நேரத்தில் அளந்தால் செரிமானம் மூல வைக்கோலைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். லிக்னின் கணிசமாகக் குறைவது அதற்குப் பிறகுதான். ஆகவே வெளுத்த பின்னும் மேலும் இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். சிப்பிக்காளானுக்கு மொத்தம் 30 முதல் 42 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: நிறுத்துதல்

காளான் மொட்டு விடத் தொடங்கும் முன் நிறுத்திவிட வேண்டும். மொட்டு வந்துவிட்டால் பூஞ்சை தன் காளானை வளர்க்கச் செல்லுலோஸைப் பெருமளவில் தின்னத் தொடங்கும். நாம் மாட்டுக்காகக் காத்துவைத்த பகுதி அது. வெளிச்சம், புதுக்காற்று, குளிர்ச்சி மூன்றும் மொட்டைத் தூண்டும். எனவே கடைசி வாரங்களில் பையைக் கிழிக்காதீர்கள், இருட்டிலேயே வையுங்கள்.

‘காளானையும் விற்றுவிட்டுப் படுக்கையையும் மாட்டுக்குப் போடலாமே?’ இரண்டு மூன்று அறுவடை எடுத்த படுக்கையில் உலர்பொருளின் பெரும்பங்கு போயிருக்கும். சாம்பல் (செரித்து ஆற்றலாகாத தாதுப் பகுதி) விகிதம் ஏறியிருக்கும். செரிமானம் மூல வைக்கோலைவிட மேலானதாக இருக்கும் என்று நம்ப இடமில்லை. காளான் உங்கள் தொழில் என்றால் கழித்த படுக்கையை உபரியாகப் பாருங்கள், மேம்பட்ட தீவனமாகக் கணக்கில் எழுதாதீர்கள். முதல் அறுவடையோடு நிறுத்துவது ஓரளவு நடுவழி.

சரியாக முடிந்த பையை எப்படி அறிவது? வைக்கோல் வெளிர்நிறமாகி, விரலால் நெருடினால் இழையிழையாகப் பிரியும். வளைத்தால் விறைப்பில்லாமல் முறியும். மணம் புதுக் காளானின் மணம்.

அதோடு எடையையும் பாருங்கள். தொடக்கத்தில் 4 கிலோ பை, 67 சதவீத ஈரம் என்றால் உலர்பொருள் 1.32 கிலோ. முடிவில் பை 3.7 கிலோ என்று வைப்போம். அதிலிருந்து 200 கிராம் எடுத்து, எடை மேலும் குறையாத வரை உலர்த்துங்கள். 60 கிராம் மிஞ்சினால் உலர்பொருள் 30 சதவீதம். பை முழுக்க 1.11 கிலோ. இழப்பு 16 சதவீதம். முதல் தொகுப்பில் சில பைகளை 25, 32, 40 நாட்களில் திறந்து இப்படி அளந்து, கால்நடைத் தீவன ஆய்வகத்தில் செரிமானச் சோதனையும் செய்துவிட்டால், உங்கள் வைக்கோலுக்கும் உங்கள் அறைக்கும் ஏற்ற நாள் எது என்று தெரிந்துவிடும். மற்றவர் சொல்லும் நாள் கணக்கைவிட அது நம்பகமானது.

கெட்ட பைகள்

பச்சை நிறம் டிரைக்கோடெர்மா. மஞ்சள்பச்சையும் கறுப்பும் பெரும்பாலும் அஸ்பெர்ஜில்லஸ். இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் நியூரோஸ்போரா. எந்த நிறமானாலும் முடிவு ஒன்றுதான்: அந்தப் பை மாட்டுக்குப் போகாது. திட்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைப் போடுவது ஆபத்து, ஏனெனில் நச்சு கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை. சில அஸ்பெர்ஜில்லஸ் வகைகள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு, உருமாறிப் பாலிலும் வந்துவிடும். காய்ச்சினாலும் அது போகாது.

கெட்ட பையை அறைக்குள் திறக்காமல் அப்படியே வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். முகக்கவசம் இல்லாமல் உதறாதீர்கள். வித்துத்தூள் நுரையீரலுக்குக் கேடு. பத்துப் பையில் ஒன்றிரண்டு கெட்டால் அது விதையிடும்போது நேர்ந்த தூய்மைக் குறை. பாதிக்கு மேல் கெட்டால் படி 2இல் வெப்பம் போதவில்லை, அல்லது விதையே சரியில்லை.

சேமிப்பு

65 சதவீத ஈரமுள்ள பொருள் திறந்து வைத்தால் ஓரிரு நாளில் சூடேறிக் கெடும். அன்றன்றைக்குத் தேவையான பைகளை மட்டும் திறப்பது எளிய வழி. இல்லையென்றால் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் 12 சதவீத ஈரத்துக்குக் கீழே காயவைத்து, மூட்டையாகக் கட்டி நனையாத இடத்தில் வையுங்கள். இன்னொரு வழி, சிறிது மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) தெளித்துக் காற்றுப் புகாதபடி அழுத்திச் சைலேஜ் எனப்படும் ஊறுகாய்ப் புல்போல அடைப்பது. ஆக்சிஜன் இல்லாமல் பூஞ்சையின் வளர்ச்சி நின்றுவிடும்; அதற்கு மேல் தின்னவும் தின்னாது.

யூரியா முறையோடு ஒப்பிட்டால்

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: வைக்கோல் எடையில் 4 சதவீத யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து மூன்று வாரம் மூடிவைக்கும் முறை இதைவிட எளிது, நைட்ரஜனும் கூட்டித் தருகிறது, கெடும் அபாயமும் குறைவு. சாதாரண நெல் வைக்கோலுக்கு நான் அதையே முதலில் சொல்வேன். இரண்டையும் இணைக்கும் முயற்சியாகக் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1980களில் ஒரு முறை உருவானது: முதலில் யூரியா, பிறகு அதிலிருந்து வெளிவரும் அமோனியாவைத் தாங்கும் கோப்ரைனஸ் பூஞ்சை. அங்கேயும் உலர்பொருள் இழப்புதான் உறுத்தலாக நின்றது. காளான் வளர்க்கும் அறையும் பழக்கமும் ஏற்கெனவே உள்ளவர்கள், லிக்னின் மிகுந்த தட்டையும் சக்கையும் குவிந்து கிடக்கிறவர்கள், காரமோ யூரியாவோ வேண்டாம் என்று இருப்பவர்கள் பூஞ்சை வழியை எடுக்கலாம்.

மாட்டுக்குக் கொடுத்தல்

முதல் நாளே கூடை நிறையக் கொட்டாதீர்கள். இரைப்பை நுண்ணுயிர்கள் பழக நாள் வேண்டும். வைக்கோல் பங்கில் பத்தில் ஒரு பங்கோடு தொடங்கி, இரண்டு வாரத்தில் மெல்ல உயர்த்தி, வைக்கோலில் பாதி அளவோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கமான அறிவுரை. காய்ந்ததைச் சிறிது நீர் தெளித்து, தவிடோடு பிசறிக் கொடுத்தால் முகம் சுளிக்கும் மாடும் தின்னப் பழகும்.

இரைப்பை நுண்ணுயிர்கள் ஓரளவு வேலை செய்யவே மொத்தத் தீவனத்தில் சுமார் 7 சதவீதம் புரதம் வேண்டும். வைக்கோலில் இருப்பது 3 முதல் 5 சதவீதம்தான். ஆகவே பசுந்தீவனம், பயறுவகைத் தழை, புண்ணாக்கு இவற்றில் ஏதாவது கூடவே இருந்தால்தான் பூஞ்சை திறந்துவிட்ட செல்லுலோஸ் ஆற்றலாக மாறும். தாது உப்புக் கலவையை நிறுத்தாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இரைப்பை முழுமையாக வளர்ந்திருக்காது, அவற்றுக்கு வேண்டாம். நிறைமாதச் சினைமாட்டிடம் புதுத் தீவனம் எதையும் சோதிக்காதீர்கள். பூசணத்தால் குதிரைகள் எளிதில் பாதிக்கப்படும் என்பதால் அவற்றுக்கும் கொடுக்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு சாணத்தைப் பாருங்கள். ஒரு கைப்பிடிச் சாணத்தைச் சல்லடையில் போட்டு ஓடும் நீரில் அலசினால் செரிக்காத நார் மேலே தங்கும். பழைய தீவனத்தின்போதும் இதேபோல் அலசிக் காயவைத்து எடுத்துவைத்திருந்தால், நீண்ட விறைத்த துண்டுகள் குறைந்திருக்கின்றனவா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். கழிச்சல், தீனி குறைவு, பால் சட்டென்று இறங்குவது இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு, எந்தத் தொகுப்புப் பையிலிருந்து எடுத்தது என்பதைக் குறித்துவைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்காகவே ஒவ்வொரு பையின் மேலும் விதையிட்ட தேதியை எழுதி ஒட்டி வையுங்கள்.